மை துடைத்த முகம்

1887 பிப்ரவரி 5ஆம் நாள் மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கில் வெர்டியின் 'ஒத்தெல்லோ' முதன்முதலாக மேடையேறியபோது அவருக்கு வயது 73. 1871இல் 'ஐடா' அரங்கேறியபின் புதிய இசைநாடகம் எதுவும் தராமல் ஒதுங்கியிருந்த முதுகலைஞரை மீண்டும் எழுதவைத்தவர்கள் இருவர்: பதிப்பாளர் ரிக்கோர்டி, கவிஞர் போய்த்தோ. இசையின் பெருமை உலகறிந்தது. கவிஞர்கள் கருதத்தக்கது போய்த்தோ செய்த வெட்டு.

ஷேக்ஸ்பியரின் முதல் அங்கம் வெனிஸில் நிகழ்வது. கரிய நிறத்தவனான மூர் தளபதி தன் மகள் டெஸ்டிமோனாவை மாயத்தால் மயக்கிவிட்டான் என்று தந்தை ஆட்சி மன்றத்தில் முறையிடுகிறார். வேலைக்கு வேண்டப்படும் வீரன், உறவுக்கு வேண்டப்படாத மனிதன் என்ற நகரத்து இரட்டை மனம் அங்கேதான் வெளிப்படுகிறது. போய்த்தோ அந்த அங்கத்தை முழுவதும் நீக்கிவிட்டார். திரை விலகியதும் சைப்ரஸ் துறைமுகத்தில் புயல். அலையோடு போராடிக் கரையேறும் ஒத்தெல்லோ வெற்றியை முழங்குகிறான். மேடைக்கு இதைவிட வலிய தொடக்கம் அரிது. வெனிஸில் தன் காதல் பிறந்த கதையை மன்றத்துக்கு அவன் எடுத்துரைத்த பேச்சும் வீணாகவில்லை. காதலர் இருவரும் இரவில் பாடும் பாடலாக அது மாறிற்று.

ஆனால் அந்த வெட்டோடு தந்தையும் மன்றமும் போயினர். ஊரின் வெறுப்புக்கு வாயில்லாமற் போயிற்று. அவன் உதடுகளைப் பழித்து இயாகோ பேசும் ஒரு தொடர், தன் முகத்தின் இருள்தான் காரணமோ என்று ஒத்தெல்லோ தானே ஐயுறும் ஓர் இடம் எனச் சில தடயங்களே எஞ்சின. மாறாக, மூலத்தில் இல்லாத நீண்ட தனிப்பாடல் ஒன்று இயாகோவுக்குக் கிட்டியது. கொடிய கடவுளொருவனிடம் தன் நம்பிக்கையை அறிக்கையிடும் பாடல் அது. நாடகத்துக்கே 'இயாகோ' என்று பெயரிடும் எண்ணமும் ஒருகாலத்தில் இருந்ததுண்டு. ஊரெங்கும் பரவியிருந்த நஞ்சு இப்படி ஒரு தீயவனின் குப்பியில் அடங்கிற்று. மிச்சத்தை ஒப்பனைப் பெட்டி பார்த்துக்கொண்டது. சொல் விட்ட இடத்தை மை நிரப்பியது என்றாலும் பொருந்தும்.

நியூயார்க் மெட்ரோபாலிடன் அரங்கிலும் இந்நாடகம் மேடையேறியது. வெள்ளைப் பாடகர் முகத்தைக் கருமையாக்கிப் பாடுவதே அங்கும் மரபு. 2015 செப்டம்பர் 21 அன்று பருவத் தொடக்க நாளில் பார்ட்லெட் ஷேர் நெறியாள்கையில் புதிய ஆக்கம் வந்தபோது அம்மரபு கைவிடப்பட்டது. லாத்விய நாட்டு அந்தோனென்கோ தம் முகத்தோடே பாடினார். எஸ் டெவ்லின் அமைத்த கண்ணாடிச் சுவர்கள் மேடையில் நகர்ந்தவண்ணம் இருந்தன. கதை வெர்டியின் காலமான பத்தொன்பதாம் நூற்றாண்டு உடையில் நடந்தது.

மையைத் துடைத்தது சரியே. அது என்றோ நடந்திருக்க வேண்டியது. ஆயினும் போய்த்தோவின் கத்தரி அப்போதுதான் கண்ணுக்குப் புலப்பட்டது. முன்முடிவைச் சொல்லப் பாட்டில் போதிய சொற்கள் இல்லை. மேடையில் நிறமும் இல்லை. மனைவியின் கைக்குட்டை ஒன்றை நம்பிக் கெட்ட கணவனின் கதையாக அது சுருங்கிவிடும் அபாயம் உண்டாயிற்று. முகத்தின் இருளைப் பற்றிய வரியை வெளுத்த முகம் பாடும்போது, அச்சொல் யாரைச் சுட்டுகிறது என்று கேட்பவர் திகைப்பது இயல்பு.

அந்தப் பாத்திரத்தைக் கறுப்பினப் பாடகர் ஏன் பாடவில்லை என்பதே மைக்குப் பின்னால் ஒளிந்திருந்த கேள்வி. உச்சக்குரலில் பித்தளை வாத்தியங்களை மீறி ஒலிக்க வேண்டிய கடினமான பாத்திரம் இது. தக்க குரல் எந்த இனத்திலும் அரிது என்பார்கள். பாதி உண்மை. மெட்ரோபாலிடன் மேடையில் கறுப்பினத் தனிப்பாடகர் ஒருவர் முக்கியப் பாத்திரமேற்றதே 1955 ஜனவரி 7 அன்றுதான். அவர் மரியன் ஆண்டர்சன். பாடியது வெர்டியின் மற்றொரு நாடகம். கதவைச் சாத்திவைத்துவிட்டு உள்ளே ஆள் இல்லையே என்று வருந்தும் வாதத்தில் மறுபாதி இருக்கிறது.

லண்டன் கோவென்ட் கார்டனில் கீத் வார்னரின் ஆக்கம் 2017இல் வந்தபோது யோனாஸ் கௌஃப்மன் மையின்றிப் பாடினார். அதே ஆக்கம் 2022 ஜூலையில் மீண்டபோது ரஸ்ஸல் தாமஸ் பாடினார். அந்நிறுவனத்தில் இப்பாத்திரத்தை ஏற்ற முதல் கறுப்பினப் பாடகர் அவர். இசையும் சொல்லும் அப்படியே இருந்தன. முகத்தின் இருளைப் பற்றிய வரி மட்டும், இம்முறை, பாடியவருக்கே உரியதாயிற்று.

அந்த மனைக்கு வேறொரு நினைவும் உண்டு. இன்றைய கட்டடம் 1858இல் எழுவதற்கு முன் அங்கிருந்த அரங்கில், 1833 ஏப்ரலில், ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்ற கறுப்பின நடிகர் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாக நின்றார். பத்திரிகைகள் அவரது நிறத்தைச் சொல்லியே தாக்கின. இரண்டே இரவுகள், அத்தோடு அங்கே அவர் நடிப்பு முடிந்தது.