வண்டியின் நெற்றியில் எழுதிய பெயர்

வெருகல் ஆற்றுப் பாலத்தருகே மாலை வேளையில் அரைமணி நேரம் நின்றால் போதும்; உலகச் சந்தையே எம் கண்முன் கடந்து செல்வதைக் காணலாம். மட்டக்களப்பிலிருந்து மூதூர் நோக்கி விரையும் யப்பானிய வான், பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் இந்திய முச்சக்கர வண்டி, நெல் மூட்டைகளுடன் ஈச்சிலம்பற்றுப் பக்கமாக ஊர்ந்து போகும் இரு சில்லு உழவு இயந்திரம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். அந்த உழவு இயந்திரம் யப்பானில் பிறந்ததாயினும் சீனாவில் பிறந்ததாயினும் எம் மக்களுக்கு அது 'லேண்ட்மாஸ்டர்' தான். அப்பெயர் பழைய பிரித்தானியக் கம்பனி ஒன்றின் பெயர். கம்பனியை எவரும் நினைப்பதில்லை, பெயர் மட்டும் வயலில் நிலைத்துவிட்டது. இந்தியாவின் டாட்டா கம்பனி செய்த சிறு லொறியோ, அதனை இங்கு விற்கும் கம்பனியின் பெயரை முன்னொட்டாகத் தாங்கி 'டிமோ பட்டா' ஆகிவிட்டது.

"அமெரிக்கக்காரன் கார் செய்வதில்லையா, சேர்? எங்கட ரோட்டில ஒண்டையும் காணேல்லையே!" என்று எமது வகுப்பு மாணவர் ஒருவர் ஒருநாள் கேட்டார். வகுப்பு சிரித்தது. ஆனால் சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று அது. மோட்டார் வண்டியை உலகின் பொதுப் பண்டமாக்கிய நாடு அமெரிக்கா. அந்நாட்டின் கம்பனிகள் அந்நியப் போட்டியாளரை எவ்வாறு எதிர்கொண்டன, பெயரையும் விளம்பரத்தையும் எவ்வாறு ஆயுதமாக்கின, அவ்வாயுதம் இறுதியில் யார்மீது பாய்ந்தது என்பவற்றை ஆராய்ந்தாலன்றி அம்மாணவருக்கு நேர்மையான விடை கூற இயலாது.

முதலில் ஹென்றி ஃபோர்டிடமிருந்து தொடங்குவோம். 1908 இல் அவர் வெளியிட்ட 'மொடல் டி' கார் 850 டொலருக்கு விற்கப்பட்டது. 1913 இல் ஹைலன்ட் பார்க் தொழிற்சாலையில் ஓடும் தொடர்முறை உற்பத்தி புகுத்தப்பட்டதன் பின்னர் விலை படிப்படியாக இறங்கி, 1920களின் நடுப்பகுதியில் 300 டொலருக்கும் கீழே வந்தது. 1914 இல் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 5 டொலர் கூலி என அறிவித்தார் ஃபோர்ட். அக்கூலியின் முழுப்பயனையும் பெறத் தகுதியுடையவரா என்பதை அறியத் தொழிலாளியின் வீட்டுக்குள்ளேயே ஆட்களை அனுப்பி அவரது வாழ்க்கையைச் சோதித்தார். 1927 இல் உற்பத்தி நிறுத்தப்படும்வரை 1 கோடியே 50 இலட்சம் வண்டிகள் வெளிவந்தன. அன்று ஃபோர்டுக்குப் பெரிய விளம்பர வித்தை தேவைப்படவில்லை. மலிவே அவரது விளம்பரம்.

மலிவை வென்றது எது? ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் தலைவர் அல்ஃப்ரட் ஸ்லோன் கண்ட உபாயம் அது. செவர்லேயிலிருந்து கடிலாக் வரை ஒவ்வொரு வருமானப் படிக்கும் ஒவ்வொரு பெயரை வகுத்தார் அவர். ஆண்டுதோறும் வண்டியின் தோற்றத்தை மாற்றினார். 1919 இல் தொடங்கப்பட்டிருந்த கம்பனியின் கடன் நிறுவனம் தவணைமுறையில் பணம் கொடுத்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைப் பழையது என எண்ணி வெட்கப்படுமாறு மக்களைப் பழக்கியதே இம்முறையின் சாரம். கடிலாக் வைத்திருப்பவர் செவர்லே வைத்திருப்பவரைவிட ஒரு படி உயர்ந்தவர்! சாதிப் படிநிலையை நன்கறிந்த எமக்கு இது புரியாத சங்கதியன்று. அங்கு அது பிறப்பால் வருவதற்குப் பதிலாகத் தவணைப் பணத்தால் வந்தது, வேறுபாடு அவ்வளவே.

இக்காலத்தில் இந்தியத் துணைக்கண்டத்தின் பாதைகளில் அமெரிக்க வண்டிகள் அரிதாயிருக்கவில்லை. பிரித்தானியப் பேரரசுக்குள் சுங்கச் சலுகை பெறும் பொருட்டு, ஃபோர்ட் கம்பனி தன் கனடாக் கிளையின் மூலமாகவே பேரரசு நாடுகளுக்கு வண்டிகளை விற்றது. கனடா பேரரசின் அங்கம். ஆகவே டெட்ரோயிட்டுக்கு அக்கரையில், ஆறொன்று மட்டும் இடையிலே கிடக்கும் இடத்தில் செய்யப்பட்ட ஃபோர்ட் 'பேரரசுப் பண்டம்' ஆயிற்று! 1926 இல் அக்கனடாக் கிளை இந்தியாவில் கம்பனி அமைத்தது. 1928 இல் ஜெனரல் மோட்டர்ஸ் பம்பாயில் வண்டிகளைப் பொருத்தும் தொழிற்சாலையை நிறுவியது. குதிரைச்சக்திக்கு வரி விதித்த தம் நாட்டுச் சட்டத்துக்கேற்பச் சிறிய இயந்திரம் பூட்டிய கார்களைச் செய்துவந்த பிரித்தானியக் கம்பனிகள், மேடுபள்ளமான குடியேற்றநாட்டுப் பாதைகளில் அமெரிக்க வண்டிகளுடன் போட்டியிட முடியாது திணறின. பேரரசுப் பண்டங்களையே வாங்குங்கள் எனச் சுவரொட்டிகள் மூலம் மன்றாட, 1926 இல் லண்டனில் சபையொன்றே அமைக்கப்பட்டது. ஆண்டவனுக்கு ஒரு விசுவாசம், சந்தைக்கு வேறொரு விசுவாசம் எனப் பிரிந்து நின்ற குடியேற்றவாதத்தின் முகம் இது.

சுதந்திர இந்தியா, வண்டியை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யத் திட்டமில்லாத கம்பனிகளுக்கு இடமில்லை என 1953 இல் முடிவு செய்தது. பொருத்தி விற்பதில் மட்டும் நாட்டங்கொண்டிருந்த அமெரிக்கக் கம்பனிகள் இரண்டும் மூட்டை கட்டின. பெயர் விற்பதில் இருந்த ஆர்வம் தொழில்நுட்பத்தைப் பகிர்வதில் அவற்றுக்கு இருக்கவில்லை.

இனி அமெரிக்க மண்ணுக்குள்ளேயே நடந்த போட்டியை நோக்குவோம். 1950களின் பிற்பகுதியில் ஜேர்மனியின் சிறிய வொக்ஸ்வாகன் கார் அங்கு புகுந்தது. அதே வேளையில் ஃபோர்ட் கம்பனி புதிய காரொன்றுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தது. பெயர் சூட்டித் தருமாறு மரியான் மூர் என்னும் புகழ்பெற்ற கவிஞரையே வேண்டினர். அவர் அனுப்பிய விசித்திரமான பெயர்கள் எவற்றையும் ஏற்காது, முதலாளி குடும்பத்து மகனொருவரின் 'எட்செல்' என்ற பெயரையே இறுதியில் சூட்டினர். 1957 இல் பெரும் ஆரவாரத்துடன் வந்த எட்செல் 1959 இல் மறைந்தது; இழப்பு சுமார் 25 கோடி டொலர். கவிஞரின் சொல்லையும் விலைக்குக் கேட்கத் துணிந்த முதலாளித்துவம், மக்களுக்கு எவ்வகை வண்டி தேவை என்பதை மக்களிடம் கேட்கத் தவறிவிட்டது.

1973 ஆம், 1979 ஆம் ஆண்டுகளின் எண்ணெய் நெருக்கடிகள் உண்மையான சோதனையைக் கொண்டுவந்தன. குறைந்த பெற்றோலில் ஓடும், அடிக்கடி பழுதுபடாத யப்பானியக் கார்களை அமெரிக்கர் நாடினர். அது குற்றமாகுமா? நல்ல பண்டத்தை நாடுவது மனித இயல்பு. அமெரிக்க முதலாளிகள் இதற்குக் கண்ட மருந்து இரண்டு. ஒன்று, அரசின் துணை: 1981 இல் யப்பான் ஆண்டுக்கு 16 இலட்சத்து 80 ஆயிரம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை எனத் 'தானாக' ஒப்புக்கொள்ளுமாறு செய்யப்பட்டது. மற்றது, தேசப்பற்று: தேசக்கொடியும் சொந்தமண்ணும் விளம்பரங்களில் ஏறின. தம் தொழிலைக் காக்கும் போராட்டம் இதுவே என மயங்கிய தொழிலாளர் சிலர் யப்பானியக் கார்களைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினர்.

சம்மட்டி காரோடு நின்றதா? 1982 ஜூன் மாதம், வின்சென்ற் சின் என்னும் 27 வயதுச் சீன அமெரிக்க இளைஞர், திருமணத்துக்குச் சில நாட்களுக்கு முன்னர் டெட்ரோயிட்டை ஒட்டிய ஹைலன்ட் பார்க்கில் அடித்துக் கொல்லப்பட்டார். அடித்தவர் கிறைஸ்லர் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர். கூட இருந்தவர் வேலையிழந்திருந்த அவரது மனைவியின் மகன். உம்மைப் போன்றோரால்தான் எமக்கு வேலையில்லை என்ற ஏச்சு முன்னே சென்றது, கட்டை பின்னே சென்றது. அவர் யப்பானியரல்லர் என்பதையும் ஆய்ந்து பார்க்க அங்கு எவருமில்லை. 1983 இல் நீதிமன்றம் அவ்விருவருக்கும் சிறைத்தண்டனை விதிக்கவில்லை. நன்னடத்தைக் கண்காணிப்பும் ஆளுக்கு 3,000 டொலர் குற்றப்பணமுமே தீர்ப்பாயின. ஓடும் தொடர்முறை பிறந்த அதே ஹைலன்ட் பார்க்கில், ஒரு மனித உயிரின் விலை ஒரு மலிவுக் காரின் விலையை விடவும் குறைந்துபோயிற்று.

அந்நாட்களிலேயே, கொடியசைத்து விளம்பரம் செய்த கம்பனிகள் திரைக்குப் பின்னால் செய்தது யாது? கிறைஸ்லர், யப்பானின் மிட்சுபிஷி செய்த காரை 1970களின் தொடக்கத்திலிருந்தே 'டொட்ஜ்' என்ற தன் பெயரில் விற்றுவந்தது. ஜெனரல் மோட்டர்ஸ், கலிபோர்னியாவின் ஃபிறிமொன்ற் நகரில் தான் மூடிவிட்ட தொழிற்சாலையை டொயோட்டாவுடன் கூட்டாக 1984 இல் மீண்டும் திறந்தது. பழைய தொழிலாளர்களே பெரும்பான்மையோராகத் திரும்பிவந்தனர். பின்னாளில் ஒரே தொடரில், ஒரே கைகளால், ஏறத்தாழ ஒரே கார் இரு பெயர்களில் வெளிவந்தது: ஒன்று ஜெனரல் மோட்டர்ஸின் 'பிரிசம்', மற்றது டொயோட்டாவின் 'கொரோலா'. மக்கள் கொரோலாவையே கூடுதலாக விரும்பினர். சோம்பேறி எனத் தூற்றப்பட்ட அமெரிக்கத் தொழிலாளியின் கை, நிருவாகம் மாறியதும் உலகத்தரமான வண்டியைச் செய்தது. குறை கையில் இருக்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இப்பொழுது எமக்கு அண்மையிலுள்ள களத்துக்கு வருவோம். இந்தியா 1993 இல் கார்த் தொழிலுக்கான உரிமக் கட்டுப்பாட்டை நீக்கியது. 1995 இல் ஃபோர்ட், மகிந்திராவுடன் கூட்டுச் சேர்ந்து திரும்பிவந்தது. சென்னைக்குத் தெற்கே மறைமலைநகரில் தொழிற்சாலை எழுந்தது. தனித்தமிழுக்கு உழைத்த மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊரில் டெட்ரோயிட்டின் பெயர்ப்பலகை! ஆனால் அங்கு ஃபோர்டின் போட்டியாளர் இந்தியர் மட்டுமல்லர். யப்பானிய சுசூக்கியின் பங்குடன் 1983 இல் வந்த மாருதி, சிற்றூர் வரை பரந்த பழுதுபார்க்கும் நிலையங்களால் வீட்டுச் சொல்லாகியிருந்தது. கொரிய ஹூண்டாய் 1998 இல் 'சான்ட்ரோ' என்ற சிறிய காருடன், நடிகர் ஷாருக் கானை முன்னிறுத்தி வந்தது.

ஃபோர்ட் முதலில் இறக்கியதோ ஐரோப்பாவில் பழகித் தேய்ந்த 'எஸ்கோர்ட்'. பெரிய பெயர் இருந்தால் பழைய வண்டியும் விலைபோகும் என்ற பழைய நம்பிக்கை அது. அது பலிக்காதபோது, 1999 இல் இந்தியச் சந்தைக்கெனவே 'ஐக்கோன்' வந்தது. 'ஜோஷ்' என்ற இந்துஸ்தானிச் சொல்லையும் விளம்பரத்தில் சூடிக்கொண்டது. 2010 இல் 'ஃபீகோ' என்ற சிறிய காரும், 2013 இல் 'ஈகோஸ்போர்ட்' காரும் வந்தன. இவற்றை வாங்க ஆளிருந்தது. ஆயினும் ஃபோர்டை வைத்துப் பராமரிப்பது செலவு என்ற எண்ணத்தைச் சந்தையிலிருந்து அகற்ற இயலவில்லை. சிக்கனமாக வாழும் குடும்பம் வண்டியின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னர், அது பழுதானால் என்ன செலவாகும் என்றே கேட்கும். ஓப்பலாகவும் செவர்லேயாகவும் பெயர் மாற்றி முயன்ற ஜெனரல் மோட்டர்ஸ், 2017 இன் இறுதியில் இந்திய விற்பனையைக் கைவிட்டது. ஃபோர்ட் 2021 செப்டெம்பர் 9 ஆம் நாள், பத்தாண்டுகளில் 200 கோடி டொலருக்கு மேல் நட்டம் எனக் கூறி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது.

வாசகர் இங்கே ஓர் உண்மையை ஊன்றி நோக்குதல் வேண்டும். 2018 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட ஃபோர்ட் ஈகோஸ்போர்ட் கார்கள் மறைமலைநகரிலிருந்தே கப்பலேறின. அமெரிக்கக் கார் என்று பெருமையுடன் அவற்றை வாங்கியவர் தமிழ்த் தொழிலாளியின் உழைப்பையே வாங்கினார். அவ்வுழைப்புக்கு உரிய தரமில்லையென எவரும் குறைகூறவில்லை. ஆனால் கணக்கேட்டில் இலாபம் குறைந்தபோது வெளியேறியது அத்தொழிலாளியே. 2022 மே, ஜூன் மாதங்களில், நியாயமான இழப்பீடு கோரி அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஜூலையில் இறுதிக் கார் வெளிவந்தது. தொழிற்சாலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்தப் போவதாக ஃபோர்ட் 2024 இல் அறிவித்தது. அங்கு இயந்திரங்கள் செய்யும் திட்டம் 2025 இல் வெளியிடப்பட்டது. பெயர் திரும்பி வரலாம். வேலையிழந்தவரின் இடைப்பட்ட ஆண்டுகள் திரும்பி வரா.

அந்நிய மூலதனத்தால் வேலை கிடைத்ததே என வாதிடுவோர் உளர். கிடைத்தது, அதனை நாம் மறுக்கவில்லை. ஒரு தலைமுறை கைத்திறன் பெற்றது, பிள்ளைகள் படித்தனர். எம் வினா வேறு: அந்த வேலையின் ஆயுளைத் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருந்தது?

இவ்வினா எம் நாட்டுக்கும் புதிதன்று. 1962 இல் இலங்கை அரசு ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் கம்பனிகளின் சொத்துகளைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்காகச் சுவீகரித்தபோது, நட்டஈட்டுப் பிணக்கைக் காட்டி 1963 இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. எண்ணெய்த் தகரத்தின்மேல் எழுதிய பெயருக்குப் பின்னால் ஓர் அரசே நிற்கும் என்பதை, சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளின் நிழலில் வாழும் இம்மாவட்டத்தார் அறிவர். எமது தெருவில் அமெரிக்கக் கார் இல்லாமைக்கு விடையும் இங்குதான். 1977 இல் சந்தை திறக்கப்பட்டபோது எமக்கு வேண்டியிருந்தவை சிறிய, சிக்கனமான, வலப்பக்கச் சுக்கான் கொண்ட வண்டிகள். அவற்றை யப்பானும் பின்னர் இந்தியாவும் தந்தன. பெரிய காரிலேயே பெரிய இலாபம் கண்ட டெட்ரோயிட் எம்மைப் பொருட்படுத்தவில்லை. நாமோ செய்பவராகாது, வாங்குபவராகவே நின்றோம். 2020 இல் அந்நியச் செலாவணியைக் காக்க வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும்வரை, பழைய வண்டியைப் புதியதினும் அதிக விலைக்கு வாங்கிய விந்தையையும் கண்டோம்.

இன்று ஜாகுவார் என்ற பிரித்தானியப் பெயர் டாட்டாவின் உடைமை. அதனை 2008 இல் விற்றது ஃபோர்ட். கிறைஸ்லர் 2021 முதல் நெதர்லாந்தில் பதிந்த கூட்டுக் கம்பனியின் ஓர் உறுப்பு. அவ்வாறிருந்தும் 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசு இறக்குமதிக் கார்களுக்கு 25 வீதத் தீர்வை விதித்தபோது, நமது கார், அவர்களது கார் என்ற பழைய பல்லவியே மீண்டும் ஒலித்தது. மூலதனத்துக்குத் தேசமில்லை, விற்கும் வேளையில் மட்டும் அது தேசத்தை உடுத்திக்கொள்கிறது.

அயலாரை அவர் பேசும் மொழியாலும் தொழும் தெய்வத்தாலும் பெயரிட்டு அழைத்து, அப்பெயருக்காகவே உயிர்பறித்த காலத்தை வெருகல் மண் கண்டிருக்கிறது. ஆகையால் டெட்ரோயிட்டில் வீழ்ந்த அந்த இளைஞர் எமக்கு அந்நியரல்லர். நெற்றியில் எழுதிய பெயரை மட்டும் படிப்பவர் எளிதில் ஏமாற்றப்படுவார், எளிதில் ஏவப்படுவார். இனி அம்மாணவர் பாலத்தில் நின்று வண்டிகளைப் பார்க்கும்போது, இதன் பெயர் என்ன என்று கேட்பதோடு நில்லாது, இதைச் செய்தவர் யார், அவர் இன்று வேலையில் இருக்கிறாரா என்றும் கேட்பாராயின், எமது வரலாற்றுப் பாடம் அன்று தொடங்கியதாகக் கொள்வோம்.