தோட்டமும் தட்டும்: மர்பி டவுன் வட்டாரத்தின் உணவு வரலாறு

பழைய வீடொன்றை உணவகமாக மாற்றி, பக்கத்துப் பண்ணைகளின் விளைச்சலை அந்தந்தப் பருவத்துக்கு ஏற்பச் சமைத்துப் பரிமாறும் ஃபார்ம்-டு-டேபிள் முறை, பெங்களூரில் இந்த நூற்றாண்டின் புதுமையாகப் பேசப்படுகிறது. ஆனால் அந்நகரின் மர்பி டவுன், அல்சூர் வட்டாரத்தில் தோட்டமும் அடுப்பும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருந்த காலம் நெடியது. ஏரி, தோட்டக்காரர், வீடு ஆகிய மூன்றும் அருகருகே இருந்ததால் அமைந்த ஏற்பாடு அது. இருபதாம் நூற்றாண்டில் இம்மூன்றும் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அவை சேர்ந்திருந்த விதமும், பிரிந்த விதமும், இப்போது மீண்டும் இணைக்கப்படும் விதமும் சேர்ந்ததே இந்த வட்டாரத்தின் உணவு வரலாறு.

ஏரியும் தோட்டக்காரரும்

தமிழர் அல்சூர் என்று அழைக்கும் ஊரின் கன்னடப் பெயர் ஹலசூரு. கன்னடத்தில் ஹலசு என்றால் பலா. பலாத் தோப்பு இருந்த இடமாதலால் இந்தப் பெயர் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். சோமேசுவரர் கோயிலும் ஏரியும் ஊரின் பழமைக்குச் சான்றுகள்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம். பெரிய ஆறு எதுவும் ஊரின் ஊடே ஓடவில்லை. ஆகவே மழைநீரை ஏரிகளில் தேக்கியே பயிர் செய்தார்கள். மேல் ஏரி நிரம்பி வழியும் நீர் வாய்க்கால் வழியே கீழ் ஏரிக்குச் செல்லும். ஏரிக்குக் கீழே நெல்லும், மேட்டுப் புன்செயில் கேழ்வரகும் அவரையும், கரையோரத்தில் காய்கறியும் கீரையும் பூவும் விளைந்தன. ஏரி வற்றும் மாதங்களில் கிணற்றில் கவலை பூட்டி நீர் இறைத்தார்கள்.

இந்தத் தோட்டங்களைப் பயிரிட்டவர்களில் முதன்மையானவர்கள் திகளர். தமிழ் நிலத்திலிருந்து வந்தவர்களாகக் கருதப்படும் சமூகம் இது. இவர்களின் கிளைகளில் தமிழ் பேசுவோரும் உண்டு. லால்பாக் தோட்டத்தைப் பேண ஹைதர் அலி இவர்களை அழைத்து வந்தார் என்ற மரபுக் கதையும் வழங்குகிறது. திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் கரகத் திருவிழா இவர்களுடையது. கரக ஊர்வலம் நீர்நிலைகளையும் தோட்டங்களையும் நினைவில் வைத்திருக்கும் சடங்கு. சம்பங்கி ஏரி தூர்ந்து கண்டீரவா விளையாட்டரங்கம் ஆன பிறகும், அந்த ஏரியின் எச்சமாக ஒரு சிறு குளம் கரகச் சடங்குக்காக இன்றும் காக்கப்படுகிறது.

தண்டு வந்தது

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. கொசுவும் காய்ச்சலும் வாட்டியதால், குளிர்ந்த மேட்டுநிலமான பெங்களூருக்குப் படையை மாற்றினார்கள். 1809 வாக்கில் ஹலசூரை ஒட்டி கண்டோன்மெண்ட் உருவாயிற்று. உள்ளூர் மக்கள் அதைத் தண்டு என்றார்கள். சிவாஜிநகரின் தண்டு மாரியம்மன் கோயில் அந்தச் சொல்லை இன்னும் தாங்கி நிற்கிறது.

சென்னைப் படையோடு தமிழர்கள் பெருந்திரளாக வந்தார்கள். சிப்பாய்கள், ஒப்பந்ததாரர்கள், வணிகர்கள், கொத்தனார்கள், சமையல்காரர்கள், தோட்ட வேலைக்காரர்கள் என்று பல தொழிலினர் அல்சூரைச் சுற்றிக் குடியேறினார்கள். 1834-இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு பெங்களூருக்கு வந்தது. அதன் வழிவந்த மெட்ராஸ் பொறியாளர் படையின் தலைமையிடம் இன்றும் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. அந்தப் படையின் வீரர்களுக்குத் தம்பி என்றே பெயர். 1881-இல் மைசூர் அரசு மீண்டும் மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் கண்டோன்மெண்ட் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்ற பெயரில் தனி நிர்வாகமாக நடந்தது.

பங்களாவும் குசினியும்

கண்டோன்மெண்ட் வீட்டின் பொது வடிவம் பங்களா. பெரிய மனையின் நடுவில் வீடு, முன்னால் வண்டி வந்து நிற்கும் முகப்பு, அதன் மேல் மங்கி டாப் எனப்படும் மரச் சட்ட வேலைப்பாடு, உள்ளே உயர்ந்த கூடம், அதைச் சுற்றி அறைகள். புகையும் வெப்பமும் தீ விபத்தும் வீட்டை அண்டாதிருக்கச் சமையற்கட்டைப் பின்புறம் தனியாகக் கட்டினார்கள். போர்த்துகீசியச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்த குசினி என்பதே அதன் பெயர். குசினிக்கு அருகில் கிணறும் பணியாளர் குடியிருப்பும் பழமரங்களும் காய்கறிப் பாத்திகளும் இருந்தன. பாத்தியில் பறித்த காய் சில அடிகள் நடந்தால் அடுப்புக்கு வந்துவிடும்.

அந்த அடுப்பில் இரண்டு சமையல்கள் கலந்தன. தமிழரின் மிளகுத்தண்ணீர் முல்லிகடானி என்ற சூப்பாகி ஆங்கிலேயர் மேசைக்குப் போனது. எதிர்த்திசையில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட், பீட்ரூட், பீன்ஸ், பட்டாணி ஆகியவை பங்களாத் தோட்டங்களிலிருந்து தமிழர் வீடுகளுக்கு வந்தன. இவற்றைத் தமிழர் இன்றும் இங்கிலீஷ் காய்கறி என்றே பிரித்துச் சொல்கிறார்கள்.

இந்தப் பயிர்கள் பரவியதில் லால்பாகின் பங்கு பெரிது. ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய இந்தத் தோட்டம் 1856-இல் அரசுத் தாவரவியல் பூங்காவாயிற்று. 1874 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்த ஜான் கேமரன், வெளிநாட்டுக் காய்களையும் பழங்களையும் இந்த மண்ணில் வளர்த்துப் பார்த்தார். அடுத்து வந்த ஜெர்மானியர் கிரும்பீகல் 1932 வரை அந்தப் பணியைத் தொடர்ந்தார். விதையும் நாற்றும் இங்கிருந்து விவசாயிகளிடம் சென்றன.

1864-இல் கண்டோன்மெண்ட்டுக்கு ரயில் வந்தது. ஜோலார்பேட்டை வழியே சென்னையோடு பெங்களூர் இணைந்தது. மேட்டுநிலத்து விளைச்சல் தமிழ்ச் சந்தைகளில் புகுந்த தடயம் சொற்களில் நிற்கிறது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட சௌசௌவுக்குத் தமிழில் பெங்களூர் கத்தரிக்காய் என்று பெயர். தக்காளி வாங்குவோர் நாட்டுத் தக்காளியா, பெங்களூர் தக்காளியா என்று கேட்டு வாங்குகிறார்கள்.

சிறு வீடுகளின் பேட்டை

பெரிய மனைகளுக்கு அப்பால், உழைப்பாளர் பகுதிகளில் நெருக்கடி மிகுந்திருந்தது. 1898-இல் பிளேக் பரவியபோது காற்றும் வடிகாலும் இல்லாத குடியிருப்புகளின் ஆபத்து எல்லோருக்கும் புரிந்தது. அதன் விளைவாக நேரான தெருக்களும் பின்சந்துகளும் கொண்ட புதிய குடியிருப்புகள் திட்டமிடப்பட்டன. அவற்றில் ஃபிரேசர் டவுன் 1910-இல் தொடங்கப்பட்டது.

மர்பி டவுன் இந்த முயற்சியின் எளிய வடிவம். முன்பு நாக்ஸ்பேட்டை எனப்பட்ட இந்த இடம், கண்டோன்மெண்ட்டின் செயற்பொறியாளர் மர்பியின் பெயரைப் பெற்றது. குறைந்த செலவில் உழைக்கும் மக்களுக்கான வீடுகள் இங்கே எழுந்தன. பங்களாக்களின் அகன்ற மனை இங்கே கிடையாது. ஆனாலும் கையகலப் புழக்கடையில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்துக்கொள்வது தமிழர் வீடுகளின் வழக்கம். ஆகவே ஒரே வட்டாரத்தில் இரண்டு வகைத் தோட்டங்கள் இருந்தன. ஒன்று ஆள் வைத்துப் பராமரித்த தோட்டம். மற்றது வீட்டுப் பெண்களின் கையால், பாத்திரம் கழுவிய நீரில் வளர்ந்த தோட்டம். முதல் வகையைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. குடும்பங்களை அன்றாடம் தாங்கிய இரண்டாம் வகைக்கும் வரலாற்றில் அதே மதிப்பு உரியது.

பிரிந்த காலம்

தோட்டமும் தட்டும் விலகியதற்குக் காரணங்கள் பல. சந்தை முதலாவது. 1927-இல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட் கண்டோன்மெண்ட்டின் காய், கனி, இறைச்சி வணிகத்தை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. வீட்டில் பயிரிட வேண்டிய தேவை குறைந்தது.

அடுத்தது நில உடைமை. 1947 ஜூலை 26 அன்று கண்டோன்மெண்ட் மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. ஆங்கிலேயர் வெளியேறினார்கள். ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பலவும் நாளடைவில் வெளிநாடு சென்றன. பங்களாக்கள் கைமாறின, வாரிசுகளிடையே பங்கு பிரிந்தன. மனை விலை ஏற ஏற அவற்றின் இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. அழிந்துகொண்டிருந்த இந்த வீடுகளை ஜேனட் பாட் 1977-இல் ஒரு நூலில் பதிவு செய்தார். அந்தப் பதிவில் உள்ள பல வீடுகள் இன்று இல்லை.

மூன்றாவது நீர். ஏரிகள் பேருந்து நிலையமாகவும் மைதானமாகவும் குடியிருப்பாகவும் மாறின. தப்பியவற்றில் கழிவுநீர் கலந்தது. 1940-இல் தொடங்கிய ஹெச்.ஏ.எல். முதலான ஆலைகளின் வரவால் கிழக்குப் புறத்து விளைநிலங்கள் குடியிருப்புகளாயின. காய்கறித் தோட்டங்கள் ஹொசகோட்டை, மாலூர், கோலார், தொட்டபள்ளாபுரம் பக்கம் தள்ளிப்போயின. தமிழ்நாட்டின் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை நிலங்களும் பெங்களூரின் தோட்டமாயின.

இந்த நீண்ட தூரத்தில் விவசாயியின் பங்கு தேயாமல் காக்க எழுந்த நிறுவனம் ஹாப்காம்ஸ். தோட்டக்கலைத் துறை இயக்குநர் மரிகவுடாவின் முயற்சியில் 1959-இல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமாக அது தொடங்கியது. பின்னர் எல்லாக் காய்கனிகளையும் விவசாயிகளிடம் வாங்கி நகரக் கடைகளில் விற்கும் அமைப்பாக வளர்ந்தது.

மீண்டும் இணைந்த விதம்

வீடு, பண்ணை, உணவகம் மூன்றையும் சேர்த்த உலகறிந்த முன்மாதிரி அமெரிக்காவின் பெர்க்கிலியில் உள்ளது. 1971-இல் ஆலிஸ் வாட்டர்ஸ் அங்கே ஒரு பழைய வீட்டில் ஷே பனீஸ் உணவகத்தைத் தொடங்கினார். அன்றைக்குக் கிடைக்கும் நல்ல விளைச்சலைப் பார்த்தபின் சமையலை முடிவு செய்வது அதன் நெறி.

தமிழ் நிலத்தில் இந்த முறை இரண்டு வடிவங்களில் தெரிகிறது. காரைக்குடியில் நகரத்தார் குடும்பமொன்றின் பழைய பங்களா 1999-இல் விருந்தினர் விடுதியாகி, தி பங்களா என்ற பெயரில் செட்டிநாட்டு விருந்தை வாழையிலையில் பரிமாறுகிறது. ஆரோவில்லில் 1996-இல் தொடங்கிய சாலிட்யூட் பண்ணை தன் நிலத்துக் கீரைகளையும் கிழங்குகளையும் காய்களையும் அங்கேயே சமைத்துத் தருகிறது. முன்னது வீட்டைக் காக்கிறது, பின்னது நிலத்தைக் காக்கிறது.

பெங்களூரில் இந்த மாற்றத்துக்கு அருகிலுள்ள மேடை மர்பி டவுனை அடுத்த இந்திராநகர். தனி வீடுகளுக்கென அமைந்த அந்தப் பகுதியில் 2000-க்குப் பின் வீடுகள் வரிசையாக உணவகங்களாயின. குடியிருப்புத் தெருக்களில் வணிகத்துக்கு இடமளித்த 2007-ஆம் ஆண்டுப் பெருந்திட்டம் அதற்கு வழி திறந்தது. இரைச்சல், வண்டி நெரிசல், குப்பை ஆகியவற்றைச் சுட்டிக் குடியிருப்போர் எதிர்த்தார்கள். வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. வீட்டை உணவகமாக்குவதில் தெருவின் அமைதியும் அடங்கியிருக்கிறது என்பதை அந்த எதிர்ப்பு உணர்த்தியது.

பழைய வீடு உணவகத்துக்குப் பொருந்துவதற்கு அதன் அமைப்பே காரணம். முகப்பு காத்திருக்கும் இடமாகிறது. கூடம் பெரிய பந்தியாகவும் படுக்கையறைகள் தனிக் குழுக்களுக்கான அறைகளாகவும் மாறுகின்றன. குசினி இருந்த பின்கட்டு வணிகச் சமையற்கூடமாகிறது. மரம் நிற்கும் முற்றத்தில் மேசை போடலாம். சிவப்பு ஆக்சைடு தரையும் மங்களூர் ஓடும் மெட்ராஸ் தளமும் செலவில்லாமல் கிடைக்கும் அழகு. எண்ணெய்க் கழிவைப் பிடிக்கும் தொட்டி, புகைபோக்கி, தீயணைப்பு வசதி, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றைப் பழைய சுவர்களுக்குப் பழுதின்றி அமைப்பதுதான் கடினமான வேலை.

பண்ணையோடு உள்ள உறவு இன்னும் நுட்பமானது. எந்தக் காய் எந்த வாரம் வரும் என்பதை மழையும் வெயிலும் தீர்மானிக்கின்றன. ஆகவே பறிப்பின் விவரம் வந்தபிறகே சமையல்காரர் உணவுப் பட்டியலை எழுதுகிறார். நகரின் வடக்கே பாகலூர் அருகே உள்ள ஃபார்ம்லோர், உணவகத்தையே 37 ஏக்கர் பண்ணைக்குள் கொண்டுபோய் இந்தத் தூரத்தை அழித்துவிட்டது. 2004-இல் கர்நாடகம் இயற்கை வேளாண்மைக்கெனத் தனிக் கொள்கை அறிவித்ததும், சிறுதானியங்களுக்கு அரசு கொடுத்த ஊக்கமும் இத்தகைய பண்ணைகளுக்கு உதவின. ஏழைகளின் உணவாகக் கருதப்பட்ட கேழ்வரகுக் களி நல்ல விலைக்கு மேசையில் அமர்ந்தது.

பருவத்தோடு உண்ணும் பழக்கம் ஊரில் முற்றிலும் அற்றுப்போனதும் இல்லை. கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமையில் பசவனகுடியில் கூடும் கடலைக்காய்ச் சந்தையும், மார்கழி, தை மாதங்களில் எல்லா அடுப்பிலும் மணக்கும் அவரைப் பருப்பும் அந்தப் பழக்கத்தின் உயிர்ச் சான்றுகள்.

நீரின் கணக்கு

இந்த ஏற்பாட்டின் கடைசிக் கண்ணி நீர். ஏரித் தோட்டங்கள் இருந்த காலத்தில் ஊரும் பயிரும் ஒரே நீரைப் பகிர்ந்தன. இன்று பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு அனுப்பும் கே.சி. பள்ளத்தாக்குத் திட்டம் 2018 முதல் நடக்கிறது. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் அனுப்புவது அதன் இலக்கு. வறண்ட ஏரிகள் நிறைந்து நிலத்தடி நீர் ஊற, அந்தக் கிணறுகளால் விளையும் தக்காளியும் கீரையும் நகரத்துக்கே திரும்பி வருகின்றன. சுத்திகரிப்பின் தரம் குறித்து விவசாயிகளும் சூழலியலாளர்களும் கேள்வி எழுப்பி வருகிறார்கள். அந்தத் தரம் காக்கப்படும் அளவுக்கே தட்டில் விழும் உணவும் நல்லதாக இருக்கும். ஒரு காலத்தில் அல்சூரில் சில அடித் தூரத்தில் முடிந்த இந்தச் சுற்று, இப்போது இரண்டு மாவட்டங்களின் ஊடே ஓடுகிறது.