தொலைபேசி விலக்கிய இழை

கண்ணாடி இழையின் நடுவிலுள்ள உள்ளகம் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு அகன்றிருந்தால், அதனுள் நுழையும் ஒளி, பாங்கு எனப்படும் தனித்தனி அலைக்கோலங்கள் பலவற்றில் பகிர்ந்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வேகத்தில் செல்கிறது. இத்தகைய பல பாங்கு இழை பெரும்பாலான நூல்களில் தொலைத்தொடர்பு வரலாற்றின் தொடக்கப் பக்கங்களோடு முடிந்துவிடுகிறது. அதன் மறுபாதி இயற்பியலுக்கு உரியது.

1966இல் இங்கிலாந்தின் ஹார்லோ ஆய்வகத்தில் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் முன்மொழிந்ததும், 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் இழுத்துக் காட்டியதும் ஒற்றைப் பாங்கு இழைகளே. ஆயினும், சில மைக்ரோமீட்டர் அகலமே கொண்ட உள்ளகத்தில் ஒளியைச் செலுத்துவதும் இரு முனைகளைப் பிசகாமல் ஒட்டுவதும் அன்று கடினமாயிருந்ததால், 1977இல் சிகாகோ நகரத் தெருக்களின் அடியில் தொலைபேசி உரையாடல்களைச் சுமந்தது பல பாங்கு இழையே. அதன் உள்ளகத்தில் ஒளிவிலகல் எண் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் படிப்படியாகக் குறைந்ததால், விலகி ஓடும் ஒளி விளிம்பில் விரைந்து, பாங்குகளுக்கிடையிலான கால வேறுபாடு சுருங்கியது. சுருங்கியதே தவிர, அற்றுப்போகவில்லை. 1980களில் ஒட்டும் நுட்பம் தேறியதும் நெடுந்தொலைவுத் தடங்கள் ஒற்றைப் பாங்குக்கு மாற, பழைய இழை கட்டடங்களுக்குள் ஒதுங்கியது.

ஆனால் 1974லேயே பெல் ஆய்வகத்தின் ரோஜர் ஸ்டோலன், ஜான் பியோர்க்ஹோம், ஆர்தர் ஆஷ்கின் ஆகியோர் அந்த வேக வேறுபாட்டைக் கருவியாக்கியிருந்தனர். செறிந்த லேசர் ஒளி கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணையே சற்று மாற்றுவதால் புதிய நிறங்கள் பிறக்கின்றன. இதுவே நேரிலா ஒளியியலின் அடிப்படை. பழைய நிற அலைகளும் புதியனவும் கட்டம் பிசகாது சென்றால்தான் புதிய நிற ஒளி வளரும். நிறத்தால் விளையும் வேக வேறுபாட்டைப் பாங்கால் விளையும் வேறுபாட்டைக் கொண்டு அவர்கள் ஈடுசெய்தனர்.

இவ்வழி நெடுங்காலம் ஆளரவமின்றிக் கிடந்தது. அகிரா ஹசேகவாவும் ஃபிரடெரிக் டாப்பர்ட்டும் 1973இல் கணித்த, உருக்குலையாத ஒளித்துடிப்பான சொலிட்டான், 1980இல் ஒற்றைப் பாங்கு இழையில் மெய்ப்பிக்கப்பட்டதும் ஆய்வுலகம் அப்பக்கமே சாய்ந்தது. ஒரே பாங்குக்கு ஒரு சமன்பாடு போதும். பல பாங்குகளுக்கோ ஒன்றோடொன்று பிணைந்த பல சமன்பாடுகள் வேண்டும். தேக்கத்திற்குக் கருத்து வறுமையைவிடக் கணக்கின் சுமையே பெருங்காரணம் எனலாம். ஹசேகவா 1980லேயே பல பாங்குத் துடிப்புக்கும் கோட்பாடு தந்திருக்க, ஒளிவிலகல் எண் படிப்படியாகக் குறையும் இழையில் அத்தகைய சொலிட்டான்களைக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரென்னிஞ்சரும் ஃபிராங்க் வைசும் 2013இல்தான் ஆராய்ந்து வெளியிட்டனர். 2017இல், புள்ளிபுள்ளியாகச் சிதறிய கற்றை, திறன் கூடக்கூட நடுவில் ஒடுங்கித் தானே தூய்மையாவதைப் பிரான்சின் லிமோஜ் ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழு அறிவித்தது.

குவாண்டம் ஒளியியலும் பல பாங்கு இழையைப் பிந்தியே நாடியது. இரு ஃபோட்டான்களின் நிலைகள் தனித்தனியே விவரிக்க இயலாதபடி இணைந்திருப்பது பின்னல் எனப்படும். அவற்றுள் ஒன்று பல பாங்கு இழைக்குள் சென்றால், பாங்குகள் கலந்து அப்பிணைப்பு உருத்தெரியாமற் போகும். 2020இல் எடின்பரோவின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகக் குழு, இரண்டு மீட்டர் இழையில் நிகழும் கலப்பைப் பின்னலைக் கொண்டே அளந்து, இழைக்குள் சென்ற ஃபோட்டானைத் தொடாமல், வெளியே நின்ற அதன் இணையை ஏற்றபடி மாற்றி, ஆறு பரிமாணப் பின்னலை மீட்டது.