லித்துவேனியா: சின்ன நாடு, கருங்கடல்வரை ஆண்டது எப்படி?

ஜூலை 6 லித்துவேனியாவில் பொது விடுமுறை. 1253இல் மிண்டௌகாஸ் மன்னராக முடிசூடியதை நினைவுகூரும் நாள் அது.

இன்று அந்த நாட்டில் 3 மில்லியன் பேர்கூட இல்லை. ஆனால் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வரைபடத்தைப் பார்த்தால் கதையே வேறு. பால்டிக் வட்டாரத்திலிருந்து கருங்கடல்வரை லித்துவேனியாதான்! இன்றைய பெலருஸும் உக்ரேனின் பெரும்பகுதியும் அதற்குள் அடக்கம்.

எப்படி ஆரம்பித்தது?

முதலில் அது ஒரு நாடே இல்லை. பகுதிக்கு ஒரு தலைவர், அவ்வளவுதான். மக்கள் கிறிஸ்துவர்கள் அல்லர். பழைய தெய்வங்களை வணங்கினார்கள். அதைக் காரணம் காட்டியே வடக்கே ரீகாவிலும் தென்மேற்கே பிரஷ்யாவிலும் ஜெர்மானியச் சிலுவைப்போர் வீரர்கள் காலூன்றினார்கள். அக்கம்பக்கத்து இனங்கள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. ஒன்றுசேராவிட்டால் நாமும் காலி என்ற நிலை.

மற்ற தலைவர்களை அடக்கி மேலே வந்தவர் மிண்டௌகாஸ். சகோதரர் மகன்களின் நிலத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. 1251இல் ஞானஸ்நானம் பெற்றார். போப்பாண்டவர் ஒப்புதலுடன் கிரீடம் கிடைத்தது. பக்தியா, தந்திரமா? இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. 1263இல் அவரைக் கொன்றுவிட்டார்கள். ஆட்சி பழைய வழிபாட்டுக்கே திரும்பியது. ஆனால் நாடு சிதறவில்லை.

கிழக்கே போனது ஏன்?

1240இல் மங்கோலியர்கள் கீவ் நகரைச் சூறையாடினார்கள். கிழக்கு ஸ்லாவியச் சிற்றரசுகள் நொடித்துப்போய்க் கப்பம் கட்டின. அந்த இடைவெளியில்தான் லித்துவேனியா நுழைந்தது. சில இடங்களில் போர். சில இடங்களில் கல்யாணம்! அல்கிர்தாஸ் வீட்டெப்ஸ்க் இளவரசியை மணந்தார், அந்தச் சிற்றரசு அவர் கைக்கு வந்தது. 1362இல் தாத்தார் படையைத் தோற்கடித்தார். கீவ் லித்துவேனியா வசமானது.

பிடித்த ஊர்களின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துவ மதத்திலும் வழக்கத்திலும் பெரிதாகக் கைவைக்கவில்லை. அதுதான் சாமர்த்தியம். அரசு ஆவணங்களைக்கூட அந்த மக்களின் ஸ்லாவிய மொழியிலேயே எழுதினார்கள். லித்துவேனிய மொழியில் முதல் புத்தகம் அச்சானது 1547இல்தான், அதுவும் அண்டை நாட்டில்!

கெடிமினாஸ் என்ன செய்தார்?

அல்கிர்தாஸின் தந்தை இவர். 1323இல் ஜெர்மானிய நகரங்களுக்குக் கடிதம் எழுதி வணிகர்களையும் கைவினைஞர்களையும் வில்னியஸுக்கு அழைத்தார். கிட்டத்தட்ட 'ஆட்கள் தேவை' விளம்பரம் மாதிரி. மதம் மாறுவார் என்று நம்பிப் போப்பாண்டவரின் தூதர்கள் வந்தபோது, அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்று கைவிரித்துவிட்டார்.

எப்போது மாறினார்கள்?

1386இல். கெடிமினாஸின் பேரன் யோகைலா ஞானஸ்நானம் பெற்று, போலந்தின் அரசி யாத்விகாவை மணந்து, அந்நாட்டு மன்னரும் ஆனார். மறு ஆண்டு லித்துவேனியாவும் கத்தோலிக்க நாடானது. சிலுவைப்போருக்கு இனி என்ன காரணம்? இருந்தும் சண்டை ஓயவில்லை.

1410இல் யோகைலாவும் அவருடைய சித்தப்பா மகன் வீதௌதாஸும் சேர்ந்து குருன்வால்டில் சிலுவைப்போர் வீரர்களைத் தோற்கடித்தார்கள். அந்த இடத்தை லித்துவேனியர்கள் ஜல்கிரிஸ் என்கிறார்கள். கூடைப்பந்து ரசிகர்களுக்குத் தெரிந்த பெயராயிற்றே? கௌனஸ் நகரின் பிரபல அணிக்கு அந்தப் போரின் பெயர்தான்.