இளையோர் வீடிழத்தல்: சேலம், நாமக்கல் சமவெளி

பெற்றோர் அல்லது உற்றாருடைய இல்லத்தில் வாழும் உரிமையைப் பருவம் நிரம்புமுன்னரோ, நிரம்பிய சில ஆண்டுகளுக்குள்ளோ இழந்து, நிலையான உறைவிடம் ஒன்றுமின்றி ஜீவனம் நடத்த நேர்ந்த இளைஞரின் அவஸ்தையே இளையோர் வீடிழத்தல் எனப்படும். பெருநகரங்களின் நடைபாதைகளிலும் பாலத்தடிகளிலும் பிரத்தியட்சமாகத் தென்படும் இந்நிலை, சேலம், நாமக்கல் சமவெளியில் பெரும்பாலும் மறைந்தே கிடக்கிறது. ஏனெனில் இங்கு வீட்டை விட்டு வந்தவனுக்குத் தொழிலே ஒரு கூரையைக் கொடுத்துவிடுகிறது.

பள்ளிபாளையம், குமாரபாளையம் ஆகிய ஊர்களின் விசைத்தறிப் பட்டறைகளில், இரவு முறை முடித்த பையன், தலையில் படிந்த பஞ்சைக்கூடத் தட்டாமல், துணிக்கட்டுகளின் ஓரத்தில் பாயை விரித்துக்கொள்கிறான். நாமக்கல் லாரியில் கிளீனராகச் சேர்ந்தவனுக்குத் தார்ப்பாயே மெத்தை. திருச்செங்கோட்டிலிருந்து வேற்று மாநிலங்களுக்குப் புறப்படும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் ஏறியவன் மாதக்கணக்கில் குழாய்களின் நடுவே உறங்கி எழுகிறான். வேலை போன அன்றே கூரையும் போய்விடுகிறது. 2011ஆம் ஆண்டின் குடிமதிப்பு இந்தியாவில் வீடற்றோர் ஏறத்தாழ 17.7 லட்சம் என்று கணக்கிட்டதாயினும், அது சாலையோரத்திலும் ரயில்வே மேடையிலும் இவைபோன்ற திறந்த இடங்களிலும் கிடந்தோரையே அவ்வாறு எண்ணியதால், பட்டறையிற் படுத்தவன் அக்கணக்கிற்குள் வருவதில்லை.

காரணங்கள் பல. தறி முதலாளியிடம் தகப்பன் வாங்கிய முன்பணம், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்திற்குப் பின்னரும், மகன் தலையில் விடிவதுண்டு. தந்தையின் குடியும் மாற்றாந்தாயின் கொடுமையும் எங்கும் உள்ளவையே. ஜாதி கடந்த காதலோ இவ்வட்டாரத்தில் உயிருக்கே ஆபத்தாகும். 2015 ஜூனில், வேற்று ஜாதிப் பெண்ணோடு பழகியதன் பொருட்டு ஓமலூர்ப் பட்டதாரி கோகுல்ராஜ் கொல்லப்பட்டு, பள்ளிபாளையத்தருகே இருப்புப்பாதையில் பிணமாகக் கிடந்தார். இத்தகைய அச்சத்தால் ஊர் திரும்ப இயலாத தம்பதிகளுக்குப் பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பது பற்றி 2018இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு நெறிகள் வகுத்தது.

இவை யாவற்றினும் திருநங்கையரின் வீடிழப்பே ஆழ்ந்து நோக்கத்தக்கது; அங்கு வறுமையன்று, பெற்ற பிள்ளையை ஊரறிய ஏற்க நாணும் குடும்பத்தின் மனமே பிரதான காரணமாகிறது. நாமக்கல் தனி மாவட்டமாகுமுன், அவ்வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஓரளவு வசதியான குடும்பத்தில் பிறந்த ஏ. ரேவதி, இளவயதிலேயே வீட்டை நீங்கித் திண்டுக்கல், டில்லி, பம்பாய் என்று அலைந்ததையும், இடையிடையே திரும்பி வந்து உடன்பிறந்தோரிடம் அடிபட்டதையும், குரு, சேலா (சீடர்) என்னும் உறவினால் புதியதொரு குடும்பம் எய்தியதையும் தம் சுயசரிதமாகிய ‘வெள்ளை மொழி’யில் எழுதியுள்ளார். வீட்டினின்று ஓடியவர் வீட்டை வெறுத்தவரல்லர் என்பதும், திரும்பத் திரும்ப அதன் வாசலுக்கே வந்தவர் என்பதும், இப்பொருளை ஆராய்வோர் பலர் காணத் தவறும் உண்மைகளாம். சேலத்தில் பிறந்த பிரித்திகா யாஷினியும் 2011இல் இல்லம் துறந்து சென்னை சேர்ந்தவரே. காவல்துறைத் தேர்வுக்காக வழக்காடி 2015இல் உயர் நீதிமன்றத்தில் வென்று, 2017இல் தருமபுரியில் உதவி ஆய்வாளராகப் பணியேற்றார். திருநர் ஒருவரைக் குடும்ப இல்லத்தினின்று விலக்கலாகாது என்று 2019ஆம் ஆண்டின் சட்டம் விதித்துள்ளது. எனினும் விலக்கப்பட்டவர் தம் அண்ணன்மீதே புகார் எழுதத் துணிவது அரிது.

சிறார் நலத்திற்கென 1920இலேயே சட்டம் இயற்றி வழிகாட்டியது சென்னை மாகாணம். இன்று நடப்பிலுள்ள 2015ஆம் ஆண்டின் சட்டப்படி, பல திசை ரயில்கள் சந்திக்கும் சேலம் சந்திப்பில் தனித்து நிற்கும் சிறுவனை 1098 என்னும் தொலைபேசி வழியாக மீட்டு, 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின்முன் நிறுத்தல் வேண்டும். அரசு இல்லத்தில் வளர்ந்து 18 வயதில் வெளியேறுவோருக்கு 21 வரை பிற்காப்பும் உண்டு. எனினும் அவர்கள் வாடகைக்கு அறை தேடிச் செல்லுமிடத்து, வீட்டுக்காரர் தொகையைப் பேசுமுன் “எந்த ஊரு, என்ன ஆளுங்க?” என்று உசாவிவிட்டு, தாய் தகப்பனை அழைத்துவரும்படி சொல்லி அனுப்புவதே வழக்கமாயிருக்கிறது.