பின்னால் இருப்பவருக்கும் தெரிய

மூன்றே ஆண்டுகள்தான் வாழ்ந்தது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், கேம்டன் நகரை ஒட்டிய பென்சாக்கனில் 1933 ஜூன் 6 இரவு திறக்கப்பட்ட அந்தத் திரையரங்குக்குக் கூரை கிடையாது, நாற்காலி கிடையாது. வானத்தின் கீழ் 40 அடிக்கு 50 அடியில் ஒரு திரை. அதன் எதிரே சுமார் 400 கார்கள் நிற்க இடம். காப்புரிமை பெற்று நடந்த முதல் டிரைவ்-இன் அதுதான்.

அதைப் பெற்றெடுத்தவர் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட். கார் பராமரிப்புப் பொருள்கள் தயாரித்த குடும்பத் தொழிலில் இருந்தவர். பொருளாதாரப் பெருமந்தம் ஊரை உலுக்கிய காலம் அது. கையில் காசு குறையும்போதும் மக்கள் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்பவற்றில் காரும் சினிமாவும் இருப்பதை அவர் கவனித்தார். இரண்டையும் சேர்த்தால் என்ன என்ற யோசனை அப்படித்தான் வந்தது.

ரிவர்ட்டனில் தன் வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்த்தார். காரின் முன்மூடி மேல் புரொஜெக்டர், இரண்டு மரங்களுக்கு நடுவே திரை, திரைக்குப் பின்னால் ஒரு ரேடியோ. மழை பெய்தால் படம் தெரியுமா? புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவியைத் திறந்துவிட்டு, காருக்குள் உட்கார்ந்து பார்த்தார். தெரிந்தது.

மழையைவிடப் பெரிய சிக்கல் வேறு. முன்னால் நிற்கும் கார் பின்னால் நிற்கும் காருக்கு மறைக்கும். காரின் முன்சக்கரங்களுக்கு அடியில் மரக்கட்டைகளை வைத்து வைத்துப் பார்த்துத் தீர்வு கண்டார். வரிசைக்கு வரிசை மண்ணைக் குவித்து மேடு கட்ட வேண்டும். முன்சக்கரம் மேட்டில் ஏறினால் கார் சற்றே அண்ணாந்து நிற்கும். உள்ளே இருப்பவரின் பார்வை முன்காரின் கூரையைத் தாண்டித் திரைக்குப் போகும். அவர் பெற்ற காப்புரிமையின் உயிர்நாடி அந்த மண்மேடுதான்.

காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட். குடும்பமே வந்தாலும் 1 டாலருக்கு மேல் வாங்கவில்லை. பிள்ளைகள் எவ்வளவு சத்தம் போட்டாலும் பரவாயில்லை, எல்லோரும் வாருங்கள் என்றே விளம்பரம் செய்தார். அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தியேட்டர் வராந்தாவில் நின்று பாதிப் படத்தைக் காதால் மட்டும் கேட்ட தாய்மார்களை நமக்கும் தெரியும். அந்தத் தாய்க்கு இது எவ்வளவு பெரிய அழைப்பு!

பிறகு ஏன் மூடியது? படம் கிடைக்காமல்தான். முதல் நாள் ஓடியதே வேறெங்கோ ஓடி முடிந்த பழைய படம். அதற்கும் நான்கு நாளைக்கு 400 டாலர் வாடகை கொடுத்ததாக ஹாலிங்ஸ்ஹெட் பின்னாளில் வருந்தினார். திரையருகே வைத்த மூன்று பெரிய ஒலிபெருக்கிகளும் கைகொடுக்கவில்லை. பின்வரிசைக்கு வசனம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கோ கேட்க வேண்டாதது கேட்டது. காருக்குள் தொங்கவிடும் சிறு ஒலிபெருக்கி 1940களில் வந்தபோது, அதைக் கேட்க இந்த அரங்கு இல்லை.

தாய் போனாலும் வம்சம் தழைத்தது. 1958 வாக்கில் அமெரிக்காவில் 4,000க்கும் மேற்பட்ட டிரைவ்-இன்கள் இருந்தன. சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிரார்த்தனா அரங்கில் இரவுக்காட்சி பார்த்த நம்மவர்களும் அந்த வம்சத்தின் விருந்தாளிகள்தாம்.

1949இல் நீதிமன்றம் அந்தக் காப்புரிமையைச் செல்லாது என்றது. சாய்தளம் அமைப்பதில் புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் பின்னால் இருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்று ஒருவர் தன் வீட்டு வாசலில் குனிந்து, சக்கரத்தின் அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகினாரே, அந்த அக்கறையை எந்தத் தீர்ப்பும் தள்ளுபடி செய்ய முடியாது. பென்சாக்கனின் அந்த மண்மேடுகளுக்கு என் அஞ்சலி.