புள்ளி வித்தியாசப் பந்தயம்

ஒரு போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்பதை விட்டுவிட்டு, எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்பார்கள் என்பதன்மேல் பணம் கட்டும் முறை. அமெரிக்காவில் இதற்கு ‘பாயின்ட் ஸ்ப்ரெட்’ என்று பெயர். 1940-களில் அந்நாட்டின் கள்ளப் புக்கிகளிடையே பரவத் தொடங்கி, அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து இரண்டிலும் பந்தயத்தின் பிரதான வடிவமானது. புக்கிகளுக்கு இது வாழ்வு கொடுத்தது. தன் அணி தோற்காமலேயே ஆட்டத்தை விற்கும் வழியையும் விளையாட்டு வீரனுக்கு இதே முறைதான் திறந்துவிட்டது. இரண்டையும் பிரித்து அதன் வரலாற்றைச் சொல்ல முடியாது.

செயல்படும் விதம்

பலமான அணிக்கு எதிராகப் புக்கி ஓர் எண்ணை அறிவிப்பார். அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டிக்குச் சூப்பர் பௌல் என்று பெயர். 1969 ஜனவரி 12 அன்று மயாமியில் நடந்த மூன்றாவது சூப்பர் பௌல் ஆட்டத்தில், பால்டிமோர் கோல்ட்ஸ் அணிக்கு எதிரான எண் சுமார் 18. அந்த எண்ணில் கோல்ட்ஸ்மேல் கட்டியவருக்குப் பணம் வர வேண்டுமானால், அந்த அணி குறைந்தது 19 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாக வேண்டும். எதிரணியான நியூயார்க் ஜெட்ஸ்மேல் கட்டியவருக்கோ, அணி ஜெயித்தாலும் பணம், 17 புள்ளி வரை தோற்றாலும் பணம். வித்தியாசம் மிகச் சரியாக 18 என்று வந்தால் கட்டிய தொகை அப்படியே திரும்பும். அதற்கு ‘புஷ்’ என்று பெயர். திருப்பிக் கொடுக்கும் தலைவலி வேண்டாம் என்றுதான் பல எண்களோடு அரைப் புள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும். களத்தில் எந்த அணியும் அரைப் புள்ளி எடுப்பதில்லை அல்லவா? அன்றைக்கு ஜெட்ஸ் 16–7 என்று ஆட்டத்தையே ஜெயித்துவிட்டது.

புக்கியின் வருமானம் விலையில் ஒளிந்திருக்கிறது. 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் கட்ட வேண்டும் என்பது நிலைத்துப்போன கணக்கு. இரு பக்கமும் ஆளுக்கு 110 கட்டினால் கல்லாவில் 220 சேரும். ஜெயித்தவருக்கு 210 போக மிச்சம் 10, அதாவது சுமார் நாலரை சதவீதம். கட்டுபவர் கையைக் கடிக்காமல் தப்பிக்க 100-க்கு 52.4 முறை சரியாகச் சொல்ல வேண்டும். நாணயத்தைச் சுண்டிப் போட்டு முடிவு செய்தாலே 50 வரும் என்பதால் இடைவெளி சின்னதாகத் தெரியும். ஆனால் ஆண்டுக்கணக்கில் அதைத் தாண்டியவர்கள் மிகச் சிலரே.

தோற்றம்

இதற்கு முன் புக்கிகள் ‘ஒன்றுக்கு ஐந்து’, ‘ஒன்றுக்கு எட்டு’ என்று விகிதம் சொல்லித்தான் பந்தயம் வாங்கினார்கள். சமபல அணிகள் மோதும்போது இது சிக்கலில்லாத முறை. பல்கலைக்கழகக் கால்பந்தில் பெரிய அணியொன்று நோஞ்சான் அணியை எதிர்கொள்ளும் வாரங்களில்தான் தொழில் படுத்துவிடும். 800 டாலர் கட்டி 100 ஜெயிக்க யாருக்கும் மனம் வராது. நிச்சயம் தோற்கப்போகும் அணிமேல் கட்டவும் ஆள் கிடைக்காது. அப்படிப்பட்ட ஆட்டங்களுக்குப் பந்தயமே வாங்காமல் விட்ட புக்கிகளும் உண்டு.

பலசாலிக்குச் சுமை ஏற்றும் எண்ணம் குதிரைப் பந்தயத்தில் ஏற்கெனவே பழகியதுதான். இங்கிலாந்தில் அட்மிரல் ரூஸ் 1855 முதல் எந்தக் குதிரை எவ்வளவு எடை சுமக்க வேண்டும் என்று நிர்ணயித்து வந்தார். கிண்டியில் ஹேண்டிகேப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அங்கே எடை குதிரையின் முதுகில் ஏறுகிறது, ஓட்டமே மாறுகிறது. புள்ளி வித்தியாசமோ ஆட்டத்தைத் தொடுவதேயில்லை. பந்தயக்காரரின் கணக்கில் மட்டும் ஏறும் சுமை அது.

இதைக் கண்டுபிடித்தவர் என்று பெரும்பாலும் சொல்லப்படுபவர் சார்ல்ஸ் கே. மெக்நீல். சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்து, கணித ஆசிரியராகவும் பிறகு பங்குப் பத்திர ஆய்வாளராகவும் இருந்து, 1940-களில் சிகாகோவில் சொந்தமாகப் புக்கி தொழிலில் இறங்கியவர். ஜான் கென்னடி பள்ளியில் அவரிடம் படித்தவர் என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையானால் சுவாரசியம்தான். புக்கிகளின் தொலைபேசித் தொழிலை முடக்கிய சட்டத்தில் கையெழுத்திட்டவர் அதே கென்னடி. மெக்நீல் ஒருவரே மூலவர் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. கென்டக்கி மாநிலத்து லெக்ஸிங்டனில் இருந்த எட் கர்டின் பெயரும் இதில் அடிபடுகிறது. ஒரே தொல்லையை அனுபவித்த பலருக்கு ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரே வழி தோன்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

தொடக்கத்தில் எண் ஒற்றையாக இல்லாமல் ‘7–9’ என்று இரட்டையாக வரும். பலமான அணிமேல் கட்டியவர் 9 கொடுக்க வேண்டும். எதிரணிமேல் கட்டியவருக்கு 7 மட்டுமே கிடைக்கும். வித்தியாசம் 8 என்று முடிந்தால் இருவர் பணமும் புக்கிக்கே. வாடிக்கையாளர்கள் இந்தச் சூட்சுமத்தைப் புரிந்துகொண்ட பிறகு ஒற்றை எண்ணும் 110 டாலர் கணக்கும் நிலைத்தன. நாடெங்கும் ஒரே எண் பரவியதற்கு மினியாபொலிஸ் நகரம் காரணம். அங்கே லியோ ஹிர்ஷ்ஃபீல்டின் நிறுவனம் அணிகளைப் பற்றித் தகவல் திரட்டி, எண்களைக் கணித்து, ‘கிரீன் ஷீட்’ என்ற தாளாக அச்சிட்டு விற்றது. புக்கிகள் அதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள்.

1951

வித்தியாசத்தின்மேல் பந்தயம் என்றானதும், ஆட்டத்தை விற்கும் வழியும் மாறியது. பழைய முறையில் சூதாட்டக்காரர் ஒரு வீரரிடம் ‘தோற்றுக்கொடு’ என்று கேட்க வேண்டும். மானமுள்ள பையன் சம்மதிக்க மாட்டான். இப்போது கேட்பது வேறு: ‘ஜெயித்துக்கொள், யாரும் உன்னைக் குறை சொல்லப்போவதில்லை. 10 புள்ளியில் ஜெயிப்பதற்குப் பதில் 4 புள்ளியில் ஜெயி.’ ஒரு பாஸ் தவறினால் போதும், ஒரு தடுப்பில் அரை நொடி பிந்தினால் போதும். பார்வையாளர் கண்ணுக்கு அது தெரியாது. ‘பாயின்ட் ஷேவிங்’ என்று அழைக்கப்படும் மோசடி இதுதான்.

1951 ஜனவரியில் நியூயார்க்கின் மன்ஹாட்டன் கல்லூரி அணி வீரர் ஜூனியஸ் கெல்லாக், தனக்கு 1,000 டாலர் தர ஒருவர் முன்வந்ததைப் பயிற்சியாளரிடம் சொன்னார். அந்தக் கல்லூரி அணியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர். பண வசதியும் இல்லாதவர். காவல்துறை சொல்லிக்கொடுத்தபடி சம்மதிப்பதுபோல் நடித்து, பேரம் பேசியவர்களைப் பிடித்துக்கொடுத்தார். மாவட்ட வழக்கறிஞர் ஃபிராங்க் ஹோகனின் விசாரணை அங்கிருந்து விரிந்தது. பிப்ரவரியில் சிட்டி காலேஜ் ஆஃப் நியூயார்க் வீரர்கள், வெளியூரில் ஜெயித்துவிட்டுத் திரும்பியபோது ரயில் நிலையத்திலேயே கைதானார்கள். முந்தைய ஆண்டில்தான் அந்த அணி நாட்டின் இரண்டு பெரிய கல்லூரிக் கோப்பைகளையும் ஒரே பருவத்தில் வென்றிருந்தது. பண ஏற்பாட்டின் பின்னால் இருந்தவர் சால்வடோர் சோலாசோ என்ற நகை வியாபாரி. முடிவில் ஏழு கல்லூரிகள், முப்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் என்று பட்டியல் நீண்டது. கென்டக்கி பல்கலைக்கழகம் 1952–53 பருவம் முழுக்க ஆட முடியாமல் போயிற்று.

சட்டமும் லாஸ் வேகஸும்

நெவாடா மாநிலம் 1949-லேயே விளையாட்டுப் பந்தயத்தை அனுமதித்திருந்தும் அங்கே தொழில் சூடுபிடிக்கவில்லை. 1951-இல் மத்திய அரசு ஒவ்வொரு பந்தயத்தின்மேலும் விதித்த 10 சதவீத வரி அதற்கு முக்கியக் காரணம். நாலரை சதவீதத்தில் பிழைக்கும் வியாபாரம் பத்து சதவீத வரியைத் தாங்குமா? நேர்மையாகக் கட்ட நினைத்தவர் கடையை மூட வேண்டியதுதான். கள்ளப் புக்கிக்கோ வரியே இல்லை. 1961-இல் கென்னடி கையெழுத்திட்ட வயர் சட்டம் மாநில எல்லை தாண்டித் தந்தியிலும் தொலைபேசியிலும் பந்தயத் தகவல் அனுப்புவதைக் குற்றமாக்கியதும் மினியாபொலிஸ் கடையும் மூடப்பட்டது. எண் நிர்ணயிக்கும் அதிகாரம் லாஸ் வேகஸுக்கு இடம்பெயர்ந்தது. எண் நிர்ணயிப்பாளர் பாப் மார்ட்டின் அங்கே சொன்ன எண் நாடு முழுவதற்கும் எண்ணானது. 1974-இல் வரி 2 சதவீதமாகவும் 1983-இல் கால் சதவீதமாகவும் குறைந்த பிறகே பெரிய கேசினோக்கள் இதில் துணிந்து இறங்கின.

புக்கிகள் எண்ணை ஏற்றி இறக்குவது பணம் ஒரே பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்கத்தான். அந்த வித்தையே அவர்களைக் கவிழ்த்த நாள் 1979 ஜனவரி 21. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், டல்லஸ் கௌபாய்ஸ் மோதிய பதின்மூன்றாவது சூப்பர் பௌலில் எண் ஸ்டீலர்ஸுக்கு எதிராக மூன்றரையில் தொடங்கியது. ஸ்டீலர்ஸ்மேல் பணம் குவியவே நாலரைக்கு ஏற்றினார்கள். உடனே டல்லஸ்மேல் பணம் குவிந்தது. கடைசிக் கால் பகுதியில் ஸ்டீலர்ஸ் 35–17 என்று முன்னால் இருந்தது. டல்லஸ் இரண்டு டச்டவுன் அடித்தது. இரண்டாவதை அடிக்கும்போது மீதமிருந்தது 22 வினாடி. கோப்பையின் முடிவை அது மாற்றவில்லை. ஆட்டம் 35–31 என்று முடிந்தது. வித்தியாசம் 4. மூன்றரையில் ஸ்டீலர்ஸ்மேல் கட்டியவரும் ஜெயித்தார், நாலரையில் டல்லஸ்மேல் கட்டியவரும் ஜெயித்தார். வேகஸ் புக்கிகள் அந்த நாளைக் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள்.

எண்களின் இயல்பு

அமெரிக்கக் கால்பந்தில் எல்லா எண்ணும் ஒரே மதிப்புள்ளவை அல்ல. ஃபீல்ட் கோலுக்கு 3, டச்டவுனும் அதன் கூடுதல் உதையும் சேர்ந்தால் 7 என்பதால், வித்தியாசங்கள் இந்த இரண்டில்தான் அதிகம் வந்து நிற்கும். தொழில்முறை ஆட்டங்களில் ஏறக்குறைய ஏழில் ஒன்று 3 புள்ளியில் முடிகிறது. எனவே எண் இரண்டரையிலிருந்து மூன்றரைக்கு நகர்வதும், ஒன்பதிலிருந்து பத்துக்கு நகர்வதும் ஒன்றல்ல. புள்ளியியலாளர் ஹால் ஸ்டெர்ன் 1991-இல் காட்டியபடி, உண்மை வித்தியாசம் அறிவித்த எண்ணைச் சுற்றி இயல்நிலைப் பரவலாக அமைகிறது. திட்ட விலக்கம் சுமார் 14 புள்ளி. சராசரியில் எண் சரி. தனி ஆட்டமொன்றில் அதை நம்பினால் மோசம் போக நேரும்.

புக்கி இரு பக்கப் பணத்தையும் சமமாக்கிவிட்டுக் கமிஷனை மட்டும் எடுத்துக்கொள்கிறார் என்ற பாடநூல் விளக்கம் முழு உண்மையல்ல. பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் 2004-இல் காட்டியது இது: ஜனங்களுக்குப் பிரபல அணிமேல் பற்று அதிகம் என்று தெரிந்து, புக்கிகள் வேண்டுமென்றே எண்ணைச் சற்றுக் கூட்டி வைக்கிறார்கள்; பணம் ஒரு பக்கம் சாய்வதையும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

பிற வடிவங்கள்

கோல்கள் அருகிய சாக்கர் ஆட்டத்துக்கு ஆசியன் ஹேண்டிகேப் என்ற முறை தென்கிழக்கு ஆசியாவிலிருந்து பரவியது. அதில் கால் கோல்கூட உண்டு. பந்தயம் பாதியாகப் பிரிந்து இரண்டு எண்களில் நிற்கும். லண்டனில் ‘ஸ்ப்ரெட் பெட்டிங்’ என்பது வேறு சரக்கு. கணிப்பு எவ்வளவு தவறுகிறதோ அவ்வளவுக்கு நஷ்டமும் பெருகும். கிரிக்கெட்டில் இந்த முறை வேரூன்ற வழியில்லை. ஓர் அணி 40 ரன்னில் ஜெயிக்கும், இன்னோர் அணி 6 விக்கெட்டில் ஜெயிக்கும்; இரண்டையும் அளக்க ஒரே கோல் கிடையாது.

பிற்கால வழக்குகளும் 2018 தீர்ப்பும்

1951-இன் கதை அத்தோடு முடியவில்லை. 1978–79 பருவத்தில் பாஸ்டன் கல்லூரி அணியிலும், 1994-இல் அரிசோனா ஸ்டேட் அணியிலும் அது திரும்ப நடந்தது. 2007-இல் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் நடுவர் டிம் டோனாகி, தான் நடுவராக இருந்த ஆட்டங்களிலேயே பந்தயத்தில் ஈடுபட்டதாக ஒப்புக்கொண்டு 15 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். பொருளாதார அறிஞர் ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் 2006-இல் 44,000-க்கும் மேற்பட்ட கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டங்களை ஆராய்ந்து, மிகப் பலமான அணிகள் எண்ணை எட்டாமல் சற்றே குறைவாக ஜெயிப்பது சந்தேகப்படும் அளவுக்கு இருக்கிறது என்றார். முன்னிலை பெற்ற அணி கடைசி நிமிடங்களில் முக்கிய ஆட்டக்காரர்களை உட்கார வைத்துவிடும், அதுதான் காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. இந்த மறுப்புக்கு வலு இருப்பதாகவே தோன்றுகிறது.

முன்னாள் கூடைப்பந்து வீரரான செனட்டர் பில் பிராட்லி முன்னின்று கொண்டுவந்த 1992-ஆம் ஆண்டுச் சட்டம், நெவாடா போன்ற சிலவற்றைத் தவிர மற்ற மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்க விடவில்லை. 2018 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் மாநிலங்கள் வரிசையாக அனுமதித்தன. இன்று எண் கைப்பேசியில் நொடிக்கு நொடி மாறுகிறது. வழக்கத்துக்கு மாறாக நகர்ந்தால் எச்சரிக்கை எழுப்பும் கண்காணிப்பும் உண்டு. மோசடியும் அதற்கேற்ப அணியை விட்டுத் தனி ஆட்டக்காரரின் கணக்குக்கு இறங்கியது. என்பிஏ வீரர் ஜான்டே போர்ட்டர் உடல்நலத்தைக் காரணம் காட்டி ஆட்டத்தின் நடுவில் வெளியேறியது அம்பலமாகி, 2024 ஏப்ரலில் என்பிஏ அவருக்கு ஆயுள் தடை விதித்தது. அவர் குறைவான புள்ளியே எடுப்பார் என்று பணம் கட்டியவர்களுக்காக அவர் அப்படிச் செய்திருந்தார். குறுகிய கால ஒப்பந்த வீரர்கள்மேல் அப்படிப்பட்ட ‘குறைவு’ப் பந்தயங்களை வாங்குவதில்லை என்று லீகோடு உடன்பாடுள்ள பந்தய நிறுவனங்கள் அடுத்த பருவத்தில் ஒப்புக்கொண்டன.